கெட்டும் கட்டும்: நெய்யாற்றின்கரை எல்லைப்புற வீடுகளின் உறுப்புப் பெயர்கள்

1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சி அரசின் தெற்கிலிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லைக்கோடு அமைந்தது. கோட்டின் இருபுறமும் பழைய மரவீடுகள் ஒரே தச்சு மரபைச் சேர்ந்தவை; அவற்றின் உறுப்புகளைச் சுட்டும் சொற்களோ அதன்பின் இருவேறு பள்ளிமொழிகளின் பொறுப்பில் விடப்பட்டன.

இச்சொற்களுள் மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் வழிதவறச் செய்வது ‘கெட்டு’ என்பதாகும். மலையாளத்துக் ‘கெட்டு’ம் தமிழ்க் ‘கட்டு’ம் ஒரு வேரின, சுட்டும் பொருள்கள் வேறு. தமிழ்நாட்டில் இரண்டு கட்டு வீடு, மூன்று கட்டு வீடு என்னும்போது தெருவிலிருந்து கொல்லை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் பகுதிகள் எண்ணப்படுகின்றன. நாலுகெட்டிலோ நடுமுற்றத்தைச் சூழ்ந்த நான்கு பக்கக் கட்டடங்கள் எண்ணப்படுகின்றன. தெக்கினி, வடக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி என அவை திசையால் பெயர் பெறும். ஒன்று ஆழக் கணக்கு. மற்றது சுற்றுக் கணக்கு. எட்டுகெட்டு என்பது இரண்டு நடுமுற்றங்களைக் கொண்ட வீடு. அதனை ‘எட்டுக் கட்டு வீடு’ எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது மிக நீண்ட வேறொரு வீடே. எம். டி. வாசுதேவன் நாயரின் 1958ஆம் ஆண்டுப் புதினத்திற்கு இவ்வீட்டு வகையே தலைப்பாயிற்று என்பதால், இது அகராதிச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

‘அற’ என்பதும் அத்தகையதே. தமிழில் அறை எதுவும் அறையே. மரவீட்டின் ‘அற’யோ நெல்லும் பொருளும் காக்கும் பலகையறை. பத்தாயம் என்ற சொல் இருமொழிக்கும் பொது. முற்றமும் பொதுவே, எனினும் மலையாளத்தில் ‘நடு’ என்னும் அடை இல்லாத முற்றம் பெரும்பாலும் வீட்டின் வெளியே உள்ளது.

பெயருக்குப் பின் நிற்கும் கட்டட ஒழுங்கைக் காணத் தக்க இடம் பத்மநாபபுரம் அரண்மனையாகும். இங்குள்ள தாய்க்கொட்டாரம் நாலுகெட்டு அமைப்பினது. மார்த்தாண்டவர்மர் காலத்தில், 1750ஐ ஒட்டி எழுந்த உப்பிரிக்க மாளிகை நான்கு நிலைகளை உடையது. அடிநிலையில் கருவூலம்; அதன்மேல் மன்னரின் படுக்கையறை; அதற்கும் மேலே அவர் ஓய்வும் நோன்பும் கொள்ளும் அறை; உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த வழிபாட்டறை. உயர உயரப் புனிதம் மிகுகிறது. தமிழின் ‘உப்பரிகை’ மேல்மாடத்தைச் சுட்டும். இங்கு அது முழுக் கட்டடத்திற்கும் பெயராகிவிட்டது.

அதே காலத்தில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் இலண்டனில் வரிசையாக எழுந்த நகரவீடுகளும் பல நிலைகளை உடையவையே. அங்கே சமையல் நிலவறையிலும், விருந்தினரை வரவேற்கும் சிறந்த கூடம் முதல் மாடியிலும் அமைந்தன. மேலே செல்லச் செல்லச் சாளரங்கள் சிறுத்து, கூரையடி அறைகள் பணியாளருக்கு விடப்பட்டன. ஆங்கிலப் புதினத்தில் ஒருவர் உச்சிமாடியில் வாழ்கிறார் என்றால் அது பெரும்பாலும் அவரது தாழ்நிலைக் குறிப்பு. அதனை ‘உப்பரிகை’ எனத் தமிழாக்கினால் அவர் அரச மதிப்புப் பெற்றுவிடுவார்! மாடியை எண்ணுவது எளிது. மதிப்பு எந்தத் திசையில் ஏறுகிறது என்பதை அறிவதே கடினம்.

கொட்டாரம் என்ற சொல்லைக் களஞ்சியத்தைக் குறிக்கும் வடசொல்லோடு இணைப்பவர் உளர். மலையாளத்தில் அது அரண்மனையே. தாய்க்கொட்டாரத்தை உள்ளடக்கிய பத்மநாபபுரம் அரண்மனை கல்குளம் வட்டத்தோடு தமிழ்நாட்டின் பகுதியாயிற்று. அதன் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் உள்ளது. ஆயினும் எல்லைப்புறத்தின் தனியார் வீடுகளுக்கு அவ்வாறான காவல் இல்லை. ஒரு நாலுகெட்டு பிரிக்கப்பட்டு மரம் விலையாகும்போது, தெக்கினி எது, படிஞ்ஞாற்றினி எது என்று கைகாட்டிச் சொல்ல இடமில்லாமற் போகிறது. ஆகவே இவ்வட்டாரச் சொற்களைத் தொகுப்போர் சொல்லோடு வீட்டின் தரைப்படத்தையும் வரைந்துகொள்வது இன்றியமையாதது.