கடையில் வாங்கிய வாள்: டயாப்லோ 3 ஏலக்கூடத்தின் கதை

இன்னைக்கு ஒரு மோதிரத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

2000-இல் வெளியான டயாப்லோ 2 கேமில் 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்' என்று ஒரு மோதிரம் உண்டு. போட்டுக்கிட்டா எல்லாத் திறமையும் ஒரு படி ஏறும். லேசுல கிடைக்காது. அந்த கேமில் தங்கம் கொட்டிக் கிடந்தது; ஆனா அதை வெச்சு உருப்படியா வாங்க பெருசா ஒண்ணும் இல்லை. அதனால ஆடுறவங்களே இந்த மோதிரத்தை நாணயமாக்கிட்டாங்க. ஒரு கவசத்துக்கு எத்தனை மோதிரம்னு பேரம் நடந்தது. யாரும் திட்டமிடாமல் ஒரு சந்தை முளைத்தது.

சந்தை வந்தா திருட்டும் வரும், இல்லையா? பொருட்களை நகல் எடுத்தார்கள். வெளி வெப்சைட்டுகளில் நிஜப் பணத்துக்கு விற்றார்கள். ஏமாந்தவர்களும் உண்டு.

இதுக்கு பிளிசார்ட் நிறுவனம் கண்டுபிடிச்ச தீர்வு, ஒரு இன்ஜினியரா எனக்கு நல்லாவே புரியுது. வியாபாரத்தைத் தடுக்க முடியலையா, நாமே பாதுகாப்பா நடத்திடுவோம். 2012 மே மாதம் வந்த டயாப்லோ 3-க்குள்ளேயே ஏலக்கூடம் இருந்தது. முதலில் கேம் தங்கத்துக்கு. ஜூனில் நிஜப் பணத்துக்கும் வந்தது. ஒரு ஆயுதம் விற்றால் நிறுவனத்துக்கு 1 டாலர் கட்டணம். அதிகபட்ச விலை 250 டாலர்.

பிரச்சினை எங்கே வந்ததுன்னா, இது பொருள் சேர்ப்பதற்காகவே ஆடும் கேம். ஒரு அரக்கனைக் கொல்றீங்க, ஒரு வாள் விழுது. டயாப்லோ 2-இல் அதை உங்க கையில் இருக்கும் வாளோடு ஒப்பிடுவீங்க. டயாப்லோ 3-இல் அது ஏலக்கூடத்தில் குவிந்து கிடக்கும் அத்தனை வாள்களோடும் போட்டி போட வேண்டியிருந்தது. எப்படியும் தோத்துடும். போதாக்குறைக்கு, விழுந்த பொருட்களில் பாதிக்கு மேல் நமக்கு உதவாதவை மாதிரி இருக்கும்: உடல் பலத்தை நம்பும் பார்பேரியனுக்கு, மந்திரவாதிக்கான இன்டெலிஜென்ஸ் ஏத்துற கவசம்! கடைசியில் அரக்கனைக் கொல்வதே தங்கம் சேர்த்துக் கடைக்குப் போகத்தான் என்று ஆனது.

2013-இல் அதன் முன்னாள் இயக்குநர் ஜே வில்சனே, ஏலக்கூடம் கேமைக் கெடுத்துவிட்டது என்று மேடையில் ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18-இல் இரண்டு ஏலக்கூடங்களையும் மூடினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால் 'லூட் 2.0' அப்டேட் வந்தது. குறைவாக விழும், ஆனா உங்க கேரக்டருக்குப் பொருந்துவதாக விழும். அதே மாதம் வந்த 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' தொகுப்பில், ஒரு பொருளின் ஒரு குணத்தை மட்டும் மாற்றித் தரும் மிஸ்டிக் என்ற கைவினைக்காரியும் சேர்ந்தாள். கிட்டத்தட்ட சரியா இருக்கிற வாளைத் தூக்கிப் போடாம, செதுக்கி எடுக்கலாம்.

ஆனா இதுக்கும் ஒரு விலை இருந்தது. சந்தை மறுபடி முளைக்காமல் இருக்க, நல்ல பொருட்களைக் கைமாற்றவே தடை போட்டார்கள். அது விழுந்தப்போ கூட ஆடினவங்களுக்கு மட்டும், அதுவும் 2 மணி நேரத்துக்குள்ள கொடுக்கலாம். அவ்வளவுதான்.

எனக்கு இது கொஞ்சம் வலிக்கும். சின்ன வயசுல எங்க பெரியப்பா பையன் ரெண்டு கம்ப்யூட்டரைக் கேபிள் போட்டு இணைச்சு டயாப்லோ 2 சொல்லிக் கொடுத்தான். தனக்குத் தேவையில்லாத ஒரு வாளை என் முன்னால கீழே போட்டு, "எடுத்துக்கோடா"ன்னான். என்ன பெரிய வாள்? சுமார்தான். ஆனா ரொம்ப நாள் அதை நான் விக்கவே இல்லை.

விற்பனையை மட்டும் தடுத்து, அந்த "எடுத்துக்கோடா"வை எப்படிக் காப்பாத்துறது? நீங்க டிசைன் பண்ணியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.