கையளித்தலில் விளைந்த இலக்கணம்

மொழி எவ்வாறு தோன்றியது என்று ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓர் உறுப்பையோ ஒரு கணத்தையோ தேடினர். குரல்வளை கீழிறங்கிய காலம், ஒரு மரபணு மாறிய காலம், மூளையில் இலக்கண ஆற்றல் திடுமென முளைத்த காலம் என விடைகள் அமைந்தன. இக்கட்டுரையின் வாதம் வேறு. உடலும் மூளையும் முதலில் ஆயத்தமாக வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெறும் குறிகளை மொழியாக்கும் அமைப்பு, ஒரு தலைமுறையின் குறிகளை அடுத்த தலைமுறைக் குழந்தைகள் கற்றுத் தம் போக்கில் திருத்தியதில்தான் விளைந்தது.

உறுப்பைத் தேடிய முயற்சிகள் எவ்வளவு தொலைவு சென்றன என்று முதலில் பார்ப்போம். நியாண்டர்தால் மனிதரின் குரல்வழி நம் உயிரொலிகள் எல்லாவற்றையும் எழுப்ப இயலாதது என்று 1971இல் லீபர்மனும் கிரெலினும் வாதிட்டனர். ஆனால் இஸ்ரேலின் கெபாரா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூட்டில், நாக்கின் அடியில் இருக்கும் சிற்றெலும்பு நம்முடையதைப் போலவே இருந்ததாக 1989இல் அறிவிக்கப்பட்டது. உயிருள்ள மக்காக் குரங்கின் தொண்டையை எக்ஸ்-கதிர்ப் படங்களால் ஆராய்ந்த ஃபிட்ச் குழுவினர், அதன் குரல்வழி பேச்சுக்குப் போதுமானது, அதை ஆளும் மூளைதான் இல்லை என்று 2016இல் காட்டினர். மரபணுவின் கதையும் இதே போக்கில்தான் சென்றது. லண்டன் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறையாகத் தொடர்ந்த பேச்சுக் குறைபாட்டிலிருந்து 2001இல் ஃபாக்ஸ்பி-2 மரபணு கண்டறியப்பட்டது. அதன் மனித வடிவம் நியாண்டர்தாலிடமும் உண்டு என்று 2007இல் தெரிந்தது. நம் இனத்தில் அது அண்மைக்காலத்தில் தேர்வுபெற்றுப் பரவியது என்ற கருத்தும் 2018இல் ஆதாரம் இழந்தது.

சைகையே முதல் மொழி என்பாரும் உண்டு. 1746இல் கொந்தியாக்கும் 1973இல் கோர்டன் ஹியூஸும் அவ்வாறு கருதினர். குரலா கையா என்னும் வழக்கில் நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. அபிநயம் ஆனாலும் கூவல் ஆனாலும், அது இலக்கணமாக மாறிய படியை இரு தரப்பும் விளக்கவில்லை என்பதே என் குறை.

மொழித்தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று பாரிஸ் மொழியியல் கழகம் 1866இல் விதி செய்தது. சான்றே இல்லாத காலத்தில் அது நியாயமான விதி. ஒரு மொழி பிறப்பதைக் கண்முன் காணும் வாய்ப்பு வருமென்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? அந்த வாய்ப்பு நிகராகுவாவில் வந்தது. 1970களின் பிற்பகுதிவரை அந்நாட்டில் காது கேளாதவர்கள் பெரும்பாலும் தத்தம் வீட்டில் தனித்தே வாழ்ந்தனர். வீட்டாருக்கு மட்டும் புரியும் சைகைகளே அவர்களிடம் இருந்தன. 1977இல் மனாகுவாவில் தொடங்கிய சிறப்புப் பள்ளி, 1979 புரட்சிக்குப்பின் விரிவடைந்தது. ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையும் கற்பிக்க முயன்றனர். பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு சைகைமொழியை உருவாக்கிக்கொண்டனர்.

ஆன் செங்காஸும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதன் உள்ளமைப்பைத் திறந்து காட்டியது. கேலிச்சித்திரப் படத்தில் ஒரு பூனை சரிவில் உருண்டு இறங்குகிறது. ஸ்பானியம் பேசுவோர் அதைக் கையால் காட்டும்போது உருளலையும் இறக்கத்தையும் ஒரே அசைவில் காட்டினர். பள்ளிக்கு முதலில் வந்த பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படியே செய்தனர். பின்னர் வந்தவர்கள் அதைப் பிரித்தனர்: உருளலுக்கு ஒரு குறி, இறக்கத்துக்கு ஒரு குறி, ஒன்றன்பின் ஒன்றாக. மேலோட்டமாகப் பார்த்தால் இது இழப்பு. காட்சியோடு இருந்த ஒற்றுமை குறைகிறது. ஆனால் பிரிந்த துண்டுகளை வேறு துண்டுகளோடு சேர்க்கலாம். உருண்டு ஏறுவதையும் நடந்து இறங்குவதையும் அவற்றைக் கொண்டே சொல்லலாம். இரண்டும் ஒரே நிகழ்வு என்பதை உணர்த்த ‘உருள் – இறங்கு – உருள்’ என்று முன்னும் பின்னும் ஒரே குறியை வைக்கும் தொடரமைப்பும் தோன்றியது. அது சாதாரணக் கையசைவில் இல்லாத ஒன்று. பழைய பிள்ளைகள் பெரியவர்களான பின்னும் பெரும்பாலும் பழைய வழக்கிலேயே நின்றனர். மாற்றத்தைச் செய்தவர்கள் சிறுவயதில் அம்மொழியைக் கற்ற இளையவர்களே.

இவர்கள் இன்றைய மூளை உடையவர்கள், ஆதி மனிதர்கள் அல்லரே என்ற தடை எழும். தடை நேர்மையானது, ஆனால் அதுவே என் வாதத்துக்கு வலு. வீட்டில் தனித்திருந்தவருக்கும், முதலில் வந்த பிள்ளைக்கும், பின்னர் வந்த பிள்ளைக்கும் மூளை ஒன்றுதான். வேறுபட்டது அவர்கள் கைக்கு வந்துசேர்ந்த மொழி மட்டுமே. முழு ஆயத்தமான மூளையாலும் தனித்து நின்று முழுமொழியைப் படைக்க முடியவில்லை என்றால், சடுதிமாற்றம் பெற்ற ஒரு மூளையில் இலக்கணம் முழுதாகப் பிறந்தது என்ற கொள்கை தளர்கிறது.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வாழும் அல்-சையித் பெதுவின் சமூகமும் இதையே உணர்த்துகிறது. அங்குப் பிறவியிலேயே காது கேளாமை பரவியதால் உருவான சைகைமொழியில், எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை இரண்டாம் தலைமுறையிலேயே நிலைபெற்றிருந்தது. சுற்றிலும் பேசப்படும் அரபு, எபிரேய மொழிகளின் வரிசை அதுவன்று. ஆனால் பொருளற்ற சிறுகூறுகளை இணைத்துச் சொல்லாக்கும் அமைப்பு அங்கு இன்னும் முழுமை பெறவில்லை என ஆய்வாளர்கள் கண்டனர். எனவே மொழியின் பண்புகள் எல்லாம் ஒரே நாளில் வருவன அல்ல. எடின்பரோவில் சைமன் கிர்பி குழுவினர் 2008இல் வெளியிட்ட சோதனையும் இங்கே பொருந்தும். ஒருவர் கற்ற செயற்கைச் சொற்களை அடுத்தவருக்குப் பாடமாக்கிப் பத்து கைகள் மாற்றினர். ஒரே சொல் பல பொருள்களைக் குறிப்பதைத் தடுத்தபோது, எவரும் திட்டமிடாமலே நிறத்துக்கும் வடிவத்துக்கும் அசைவுக்கும் தனித்தனித் துண்டுகள் சொல்லுக்குள் அமைந்தன.

இதை ஏற்றால், மொழி பிறந்த ஆண்டைக் கேட்பதும் முதல் பேச்சாளரைத் தேடுவதும் பயனற்றவை. உலகின் முதன்மொழி எது என்று நம்மிடையே நெடுங்காலமாக நடக்கும் வழக்கும் இவ்வினாவோடு தொடர்பற்றது; ஒப்பிலக்கண முறை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நம்பத்தக்க சான்று தருவதில்லை. கேட்கவேண்டிய வினா: குழந்தைகள் கூடிக் கற்கும் அளவு நிலையான குழு மனித இனத்தில் எப்போது அமைந்தது?

மொழி உருவாகும் விதத்துக்கான உயிருள்ள சான்றுகள் குறைந்துவருகின்றன. அல்-சையித் பிள்ளைகள் பள்ளியில் இஸ்ரேலியச் சைகைமொழிக்குப் பழகுவதால் ஊர்ச் சைகைமொழி மாறிவருகிறது. நம் பக்கத்தில் கர்நாடகத்தின் அலிப்பூரிலும் அத்தகைய ஊர்ச் சைகைமொழி ஒன்று உண்டு. தென்னாட்டுப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள், அதைப் பேசும் மூத்தவர்கள் இருக்கும்போதே, அவ்வூராரின் இசைவோடும் பங்கேற்போடும், தலைமுறை வாரியாகப் பதிவு செய்ய முன்வர வேண்டும்.