தலைமன்னார்த் துறையும் தளரா உள்ளமும்

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்! உடலை ஓம்பாது உள்ளத்தை மட்டும் உயர்த்திவிடலாம் என்று எண்ணுவோர், சுவரில்லாத வீட்டிலே சித்திரம் தீட்ட முனைவோரை ஒப்பர். நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தனர். உடலை இறைவன் உறையும் ஆலயமாகவே கண்டார் திருமூலர். ஆயினும் இன்று நம் வாலிபரிடத்தே, "தேகாப்பியாசம் செய்கின்றீர்களா?" என்று வினவினால், "செய்ய விருப்பந்தான், தொடர்ந்து செய்யத்தான் மனம் வருவதில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. வந்த மனம் ஏன் மூன்றாம் நாளே போய்விடுகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நம் தீவின் மேற்கு முனையாகிய தலைமன்னாரின் வரலாற்றிலேயே அவ்விடை கிடக்கின்றது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் சுமார் 30 கிலோமீற்றர் அகலமுடையது. மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கும் இவ்விடத்தை இராமர் அணை என்று நம்மவர் போற்றுவர். வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரு நீர்ப்பரப்புகளும் ஒன்றோடொன்று கலக்கும் வாயில் இது. ஆதலின், ஆழம் குறைவாயினும் நீரோட்டம் வலியது. 1914ஆம் ஆண்டு தொடங்கிய கப்பற் சேவை, தலைமன்னார் இறங்குதுறையைப் பாரதத்தின் வாயிலாக்கிற்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தது. கப்பல் போய்வந்த இந்த நீரைக் கைகளாலும் கால்களாலும் கடந்தவர்கள் சிலர் உளர். அவர்களது வரலாறே நாம் ஈண்டுக் கூற வந்தது.

முத்துக்குளித்தோர் காட்டிய வழி

அவர்களுக்கு முன்னே, இக்கடலில் மூச்சடக்கி மூழ்கிய சுழியோடிகளை நாம் நினைத்தல் வேண்டும். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளை அடுத்த பார்களில் நடந்த முத்துச் சலாபம் உலகப் புகழ் பெற்றது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் இக்கடலின் முத்துக்குளிப்பைத் தமது பயண வரலாற்றிலே குறித்துள்ளார். சுழியோடி காலிற் கல்லைப் பொருத்திக் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஆழத்தில் இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் கைக்கெட்டிய சிப்பிகளையெல்லாம் கூடையில் வாரியெடுப்பான். பின்னர்க் கயிற்றை அசைக்க, வள்ளத்தில் நிற்பவன் அவனை மேலே இழுத்தெடுப்பான். ஒருவன் இளைப்பாறும்போது மற்றவன் மூழ்குவான். இவ்வாறு மாறிமாறி நடக்கும்.

சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகக் கூறும் 'கடல்கட்டி' என்பவர் கரையில் இல்லாவிடின் சுழியோடிகள் கடலில் இறங்கமாட்டார்கள். சலாபத்தை நடத்திய பிரித்தானிய அரசினர்தாமும் இக்கடல்கட்டிகளை ஒதுக்கிவிட இயலவில்லை. இதனை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் உற்றுநோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். தோள்வலியும் மூச்சடக்கும் பயிற்சியும் நிறைந்தவனுக்குங்கூட, 'இன்று என்னால் முடியும்' என்ற நம்பிக்கை இல்லாவிடின் கால் எழுவதில்லை. அச்சுழியோடி ஒரு நாள் முழுவதையும் எண்ணி மூழ்கவில்லை. ஒரு மூச்சை எண்ணியே மூழ்கினான். இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

நீந்தக் கல்லாதிருந்த வழக்கறிஞர்

1966ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் என்பார் தலைமன்னாரிலிருந்து நீந்தத் தொடங்கினார். 25 மணித்தியாலமும் 36 நிமிடமும் நீந்தி மறுநாள் தனுஷ்கோடியை அடைந்தார். புயல் அழித்து ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்திருந்த அந்தப் பாழ்நகரின் கரையில் ஒரு மனிதன் நடந்தேறிய காட்சியை எண்ணிப் பாருங்கள்! அவ்வாண்டிலேயே ஜிப்ரால்டர், தார்தனெல்ஸ், பொஸ்பரஸ் ஆகிய நீரிணைகளையும் பனாமாக் கால்வாயையும் அவர் நீந்திக் கடந்தார்.

இவர் பிறவியிலேயே மீன்போல் நீந்தியவர் என்று நினைத்தல் தவறு. சட்டம் படிக்க இங்கிலாந்து சென்றவர் அவர். 1950ஆம் ஆண்டு புளோரன்ஸ் சாட்விக் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தியைப் படித்தபோதுதான், தாமும் அதனைச் செய்யவேண்டும் என்ற இலட்சியம் அவருள்ளத்தில் முளைத்தது. அப்போது அவருக்கு நீச்சலிற் போதிய பழக்கமில்லை. அங்கிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கத்து நீச்சற் குளத்திலே, பாலர் பாடம் படிப்பதுபோல் அடியிலிருந்து கற்றார். கால்வாயிற் பலமுறை முயன்று தோற்றார். 1958ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் நாள், 14 மணித்தியாலம் 45 நிமிடத்தில் அதனைக் கடந்த முதல் இந்தியராயினார். ஒரு வாலிபர் சங்கத்தின் சிறு குளம் ஒரு மனிதனைப் பெருங்கடலுக்கு ஆயத்தஞ் செய்தது. சங்கம் நடத்துவோராகிய நாம் இதனைப் பொன்னெழுத்திற் பொறித்துவைத்தல் தகும்.

கரை மறைந்தபோது

மிகிர் சென்னுக்கு வழிகாட்டிய அந்தப் பெண்மணியின் வாழ்விலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1952ஆம் ஆண்டு யூலை மாதம் கற்றலீனாத் தீவிலிருந்து கலிபோர்னியாக் கரைக்கு அவர் நீந்தினார். கடலைக் கடும்பனி மூடியிருந்தது. பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் நீந்தியபின், இனி இயலாது என்று தம்மைத் தூக்கிவிடச் சொன்னார். வள்ளத்தில் ஏறிய பின்னரே கரை மிக அண்மையிலிருந்தமை தெரியவந்தது. தோற்றது அவரது தோளன்று. கரையைக் காணாத கண்ணே அவரைத் தோற்கடித்தது. இரண்டு மாதங்களின்பின் மீண்டும் முயன்று அதே நீரைக் கடந்தார்.

நம்மிற் பலர் தேகாப்பியாசத்தைக் கைவிடுவதும் இதனாலேயே. 'உடம்பைத் தேற்றவேண்டும்' என்பது ஓர் இலக்கன்று. அது பனி மூடிய கரை. 'ஒரு மாதத்துக்குள் மூன்று மைல் இளைப்பின்றி ஓடவேண்டும். இவ்வாரம் அரை மைல்' என்பதே இலக்கு. நெடுந்தூரம் நீந்துவோர் முழுக் கடலையும் நினைப்பதில்லை. அரை மணிக்கொரு தடவையோ அதனை ஒட்டியோ தோணியிலிருந்து நீராகாரம் நீட்டப்படும். அடுத்த ஆகாரம் வரைக்கும் நீந்துவதே அவர்களது எண்ணம்.

இதனை அறிஞர் சோதித்தும் கண்டனர். அல்பேட் பண்டுறா, டேல் ஷங்க் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், கணக்கிற் பின்தங்கிய சிறுவரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1981ஆம் ஆண்டு வெளிவந்தது. 'ஒவ்வொரு நாளும் ஆறு பக்கம்' என்று ஒரு சாராருக்கும், 'ஏழு நாள் முடிவில் நாற்பத்திரண்டு பக்கம்' என்று மற்றொரு சாராருக்கும் குறிவைக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால் வேலை ஒன்றே. ஆனால் அண்மைக் குறி பெற்றவர்களே விரைந்து முன்னேறினர். தம்மால் முடியும் என்ற உறுதியும் கணக்கிலே விருப்பமும் அவர்களிடம் வளர்ந்தன. தொலைவிற் குறிபெற்றவர்க்கு அக்குறியாற் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை.

அமெரிக்கர் சொல்லித்தான் நாம் இதனை அறியவேண்டுமா? தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார், ஒரு மாதத்துக்கு மேலாக நடப்பர். கதிர்காமம் அவர்தம் நெஞ்சில் இருக்கும். காலுக்கோ, அன்று மாலை தங்கவேண்டிய கோயிலே இலக்கு. அந்த நடையை முதியோரும் நடந்து முடிப்பது இதனாலன்றோ!

வல்வெட்டித்துறை தந்த வீரன்

அதே தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 'ஆழிக்குமரன்' என்று நாம் அன்போடு அழைக்கும் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் வல்வெட்டித்துறையின் மைந்தர். 1943ஆம் ஆண்டு பிறந்தவர். 1971ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். எடுத்த காலம் 51 மணித்தியாலம்! இரு பகலும் இரு இரவும் தாண்டி நீரிற் கிடப்பதென்றால் அது தோள்வலியின் செயல் மட்டுமா? 1979ஆம் ஆண்டு கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணித்தியாலம் 28 நிமிடம் துவிச்சக்கரவண்டி மிதித்தார். 1980ஆம் ஆண்டு ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். ஒரு சாதனை முடியுமுன்னே அடுத்த இலக்கு அவருள்ளத்திற் பிறந்துவிடும்.

1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அக்கடலிலேயே அவர் உயிர் நீத்தார். நாற்பத்தொரு வயது! அவ்வீரனுக்குத் தலைவணங்குவோம். அதே வேளையில், இளைஞர்காள், ஒன்றை மறத்தலாகாது. இலக்கு உயர்ந்ததாயினும், உடல் சொல்வதைக் கேட்கும் செவியும் நமக்கு வேண்டும். துணைவள்ளமின்றி, பயிற்றுநரின்றி, வைத்தியர் ஆலோசனையின்றி வெறும் ஆவேசத்தாற் கடலில் இறங்குதல் வீரமன்று. மிகிர் சென்னுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்களே துணைவந்தன. துணையை நாடுதல் இழிவன்று.

இதன்பின் வந்தோர் பலர். 2004ஆம் ஆண்டு வங்கத்துப் பூலா சௌத்திரி 13 மணித்தியாலம் 52 நிமிடத்தில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியை அடைந்தார். 2021ஆம் ஆண்டு ஏப்பிரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர போகவும் வரவும் 28 மணித்தியாலம் 19 நிமிடம் 43 விநாடியில் நீந்தி, ஆழிக்குமரன் நிலைநாட்டிய 51 மணித்தியாலச் சாதனையை ஐம்பதாண்டுகளின்பின் முறியடித்தார்.

உள்ளம் பெறும் ஊதியம்

2022ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நம் கரையிலிருந்து புறப்பட்ட மும்பைச் சிறுமி ஜியா ராயை நாம் தனித்துக் குறிப்பிடவேண்டும். வயது பதின்மூன்று. 'ஓட்டிசம்' எனப்படும் தன்மையோடு பிறந்த இச்சிறுமிக்கு நீச்சல் முதலில் ஒரு சிகிச்சையாகவே கற்பிக்கப்பட்டது. சிகிச்சையாக வந்தது நாளடைவிற் சிறப்பாக மலர்ந்தது. 13 மணித்தியாலம் 10 நிமிடத்தில் தனுஷ்கோடியை அவர் அடைந்தார். சொற்களால் உலகோடு உறவாட இடர்ப்படும் ஒரு குழந்தைக்கு, நீர் ஒரு மொழியாயிற்று.

தேகப்பயிற்சி உள்ளத்துக்கும் மருந்தாகும் என்பது இன்று ஆராய்ச்சியாற் கண்ட உண்மை. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், மனச்சோர்வு நோயுற்ற, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆகிய 156 பேர் பங்குபற்றினர். ஒரு சாரார் மருந்துண்டனர். ஒரு சாரார் வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தனர். மற்றையோர் இரண்டும் செய்தனர். பதினாறு வாரங்களின் முடிவில் மூன்று சாராரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். இதனால் மருந்து வேண்டாமென்பது கருத்தன்று. வைத்தியர் கொடுத்ததை நாமாக நிறுத்தலாகாது. ஆயின், நடக்கும் காலும் நோய் தீர்க்கும் கைகளுள் ஒன்று என்பது பெறப்படும். நல்ல உறக்கம், சினம் தணிதல், தன்மேல் தனக்கு மதிப்பு ஆகியனவும் இவ்வழியே வருவன.

இது நம் மண்ணுக்கு மிகவும் வேண்டப்படுவதொன்று. வீரர் நீந்திய இதே நீரை, யுத்த காலத்தில் உயிர்காக்க வள்ளமேறிக் கடந்தவர் ஆயிரக்கணக்கானோர். கரைசேராதாரும் உளர். 1990ஆம் ஆண்டு நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015ஆம் ஆண்டு மீண்டும் ஓடத் தொடங்கிற்று. தண்டவாளத்தைத் திரும்பப் போட்டுவிடலாம். உடைந்த மனங்களைத் திரும்ப எழுப்புதல் அத்தனை எளிதன்று. கடலைக் கண்டால் இன்றும் வாய்மூடி நிற்கும் தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளோ கைத்தொலைபேசியின் சிறு வெளிச்சத்திலே இரவைக் கழிக்கின்றனர். அறிவுரையால் மட்டும் இவர்களை எழுப்ப முடியாது. வாருங்கள் என்று கைபிடித்து வெளியே அழைத்துச் செல்லவேண்டும்.

என் செய்யலாம்? வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வளர்ந்தோர்க்குப் போதிய தொடக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள்! தனியே செய்வோர் விட்டுவிடுவர். இருவர் மூவராகச் சேர்வோர் தொடர்வர். சங்கங்கள் காலை நடைக்கும் ஓட்டத்துக்கும் குழுக்கள் அமைக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் அன்றன்று செய்ததைக் குறித்துவரட்டும். தேர்ந்த பயிற்றுநரின் கண்காணிப்பில் நம் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும், நீச்சல் கற்பிக்கப்படட்டும். மூத்தோர் திருக்கேதீச்சரத்துக்குச் செல்லும்போது, கடைசி ஒரு மைலையேனும் வாகனத்தை விட்டிறங்கி நடக்கட்டும்.

எல்லோரும் தனுஷ்கோடிக்கு நீந்தவேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தனுஷ்கோடி உண்டு. ஒருவருக்கு அது மூன்று மைல் ஓட்டம். மற்றொருவருக்கு, துயரத்தாற் படுத்த படுக்கையிலிருந்து எழுந்து வாசல்வரை நடப்பது. அதனைத் தெளிவாகக் குறித்துக்கொண்டு, நாளைக் காலைக்குரிய பங்கை மட்டும் நாளைக் காலையிற் செய்வோமாக. மறுநாட் பங்கு மறுநாளைக்கு இருக்கட்டும்.