முத்தநப்பி பாடிய காபூர்

மன்னர் மனங்குளிரப் பாடிப் பரிசில் பெறுவது பண்டைப் புலவருலகில் நிலவிய வழக்கமாகும். அரபு நாடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆயினும், பயன் கருதிய முகத்துதி எத்தகைய தீங்கில் முடியும் என்பதற்கு முத்தநப்பியின் வரலாற்றினும் தெளிவான சான்று காண்பதரிது.

கி.பி. 915-இல் கூபா நகரில் பிறந்த முத்தநப்பி, அரபுக் கவிஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். 948 முதல் 957 வரை ஹலப் நகரின் அமீர் ஸைபுத் தௌலாவின் அவையை அணி செய்தார். அங்கே மனக்கசப்பு நேரவே, மிஸ்ரு நாட்டை நாடினார். அந்நாளில் அங்கு ஆட்சி நடத்தியவர் காபூர். அடிமையாக விலைக்கு வாங்கப்பட்ட இக்கருநிறத்தவர், தம் ஆற்றலால் படைத்தலைவராகி, தம்மை வாங்கிய அரசர் இக்ஷீது 946-இல் மறைந்தபின் அவர்தம் மைந்தர் பெயரால் நாட்டை ஆண்டுவந்தார்.

காபூரை முத்தநப்பி வானளாவப் புகழ்ந்தார். கஸ்தூரியின் தந்தை எனப் பொருள்படும் 'அபுல் மிஸ்க்' என்ற அவருடைய சிறப்புப் பெயரை எடுத்தாண்டு, கருநிறத்தையே பெருமையெனப் பாடினார். உள்ளத்திலிருந்ததோ ஒரு மாகாணத்தின் ஆளுநர் பதவி! அதனைக் காபூர் அளிக்கவில்லை. ஏமாற்றமுற்ற கவிஞர், ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி எவருமறியாமல் வெளியேறினார். அப்போது பாடிய வசைக்கவியில், தாம் போற்றிய அதே மனிதரின் நிறத்தையும் அடிமை வாழ்வையும் இழித்துரைத்தார். 965-இல் பகுதாது செல்லும் வழியில் கவிஞர் கொல்லப்பட்டார். அவ்வசையோ இன்றும் ஓதப்படுகிறது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டிய தொன்றுண்டு. புகழ்ப்பாடலைப் பொருளுக்குப் பாடியதென ஒதுக்கும் நாம், வசைப்பாடலை உண்மையென நம்பிவிடுகிறோம். இரண்டும் பதவியாசை என்னும் ஒரே ஊற்றில் பிறந்தவையன்றோ? காபூரின் தகுதியை அவர்தம் செயலே கூறும். 946 முதல் 968-இல் மறையும்வரை 22 ஆண்டுகள் மிஸ்ரைப் பிறர் கைக்குப் போகாமல் காத்தவர் அவர். அவர் மறைந்த மறு ஆண்டே, 969-இல், பாத்திமியர் படை அந்நாட்டைக் கைப்பற்றிக்கொண்டது.

முகத்துதி செய்வோரின் முகத்தில் மண்ணைத் தூவுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நிறத்தால் ஒருவர்க்கொருவர் உயர்வில்லை என்று கற்பித்ததும் அவர்களே. அவ்வழி நிற்கும் நாம், கவியின் சுவையில் மயங்கி, காபூர்மீது சுமத்தப்பட்ட இழிவை வரலாறாகக் கொள்ளாதிருத்தல் நம் கடனாகும்.