தங்கப் பதக்கம் வாங்கிய களை

இன்னைக்கு ஒரு செடியோட கதை. ஆனா ஒரு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தெற்கு வேல்ஸில் மைஸ்டெக்னு ஒரு ஊர். பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே ரயில் பாதையை ஒட்டி இரண்டு வீடுகள். சுவரில் விரிசல் கிடையாது, எதுவும் இடிஞ்சு விழல. ஆனாலும் வீட்டோட மதிப்பு சரிஞ்சுபோச்சு. காரணம், பின்னாடி ரயில்வே கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மண்டிக் கிடந்த ஒரு செடி. ஜப்பானிய நாட்வீட். வீட்டுக்காரர்கள் ரயில் பாதையை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் மேல வழக்குப் போட்டாங்க. 2018இல் அது மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது.

இந்தச் செடியை ஐரோப்பாவில் பிரபலமாக்கியவர் ஒரு டாக்டர். பெயர் பிலிப் ஃபிரான்ஸ் வான் சீபோல்ட். ஜெர்மன்காரர், 1823இல் டச்சுக்காரர்களின் வேலையில் நாகசாகிக்குப் போனார். ஜப்பான் அப்போ வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். நாட்டு வரைபடங்களை வெளியே கொண்டுபோவது பெரிய குற்றம். மனுஷன் அதையே சேகரித்து மாட்டிக்கிட்டார். 1829இல் நாடு கடத்தினாங்க. (அங்கே அவர் விட்டுவந்த மகள் இனே பின்னாளில் மேலைநாட்டு மருத்துவம் படிச்சு பெரிய டாக்டர் ஆனார். அது தனி எபிசோடுக்கான கதை.)

நெதர்லாந்தில் லைடன் நகரில் குடியேறிய சீபோல்ட், ஜப்பானியச் செடிகளை வளர்த்து விற்க ஆரம்பித்தார். அதில் ஒண்ணுதான் நாட்வீட். மூங்கில் மாதிரி கணுக்கணுவான தண்டு, அகலமான இலை, கோடை முடியும்போது கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. 1847இல் உட்ரெக்ட் நகரின் தோட்டக்கலைச் சங்கம் இதுக்குத் தங்கப் பதக்கமே கொடுத்தது. 1850இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கும் ஒரு செடி வந்து சேர்ந்தது. அப்புறம் நர்சரிகள் சும்மா இருக்குமா? எந்த மண்ணிலும் வரும், தண்ணி ஊத்த வேண்டாம், ஒரே சீசனில் ஆள் உயரத்தைத் தாண்டிடும். வாங்கினவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்!

1886இல் கார்டிஃப் வட்டாரத் தாவரங்களைப் பட்டியலிட்ட ஒரு நூல் வந்தது. தோட்டத்தைத் தாண்டி இந்தச் செடி காடா வளர்வதைப் பற்றி பிரிட்டனில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு அதில்தான் இருக்கு. எந்த ஊர் தெரியுமா? அதே மைஸ்டெக். சுரங்கக் கழிவைக் கொட்டிய சாம்பல் மேடுகள் மேல.

அது தற்செயல் இல்லை. ஜப்பானில் எரிமலை வெடிச்சு எல்லாம் கருகின பிறகு, ஃபூஜி மலைச்சரிவில் முதலில் தலைதூக்கும் செடிகளில் இதுவும் ஒண்ணு. எரிமலைச் சாம்பலில் பழகினதுக்கு வேல்ஸின் நிலக்கரிச் சாம்பல் சொந்த ஊர் மாதிரிதான். ஒரே வித்தியாசம், ஜப்பானில் இதைத் தின்ன பூச்சியும் பூஞ்சையும் உண்டு. மனுஷங்களும் இளந்தண்டைச் சமைச்சு சாப்பிடுறாங்க. வேல்ஸில் யாரும் தொடல.

பிரிட்டனில் இருக்கும் நாட்வீட் எல்லாமே பெண் செடி. அதுக்கான ஆண் செடியே அங்கே வரல. மரபணுவைச் சோதிச்சுப் பார்த்தப்போ, நாடு முழுக்க இருந்து எடுத்த மாதிரிகள் எல்லாம் ஒரே செடியின் துண்டுகள்னு தெரிஞ்சது. அப்போ பரவியது எப்படி? இஞ்சி, மஞ்சள் மாதிரி இதுக்கும் மண்ணுக்குள் ஓடும் தண்டு. நகம் அளவு துண்டு போதும், புதுச் செடி வந்துடும். அந்தத் துண்டுகளை மண்ணோடு அள்ளி ரோடு போடவும், வீடு கட்டவும், வேண்டாம்னு ஆற்றோரம் கொட்டவும் செய்தது நாமதான். வெள்ளமும் கொஞ்சம் உதவி பண்ணுச்சு.

அதனால் இதை மண்வெட்டி எடுத்து கொத்திப் போட்டா ஒண்ணு பத்தாகும். தோண்டித்தான் எடுக்கணும்னா சுத்தியிருக்கும் மண்ணையும் சேர்த்து, அனுமதி உள்ள கிடங்குக்குக் கொண்டுபோகணும். செலவு பயங்கரம். வழக்கமான வழி, கோடை முடிவில் இலையில் கிளைஃபோசேட் தெளிப்பது. அப்போதான் செடி சத்தை அடித்தண்டுக்கு இறக்கும். மருந்தும் கூடவே இறங்கும். இப்படி வருஷா வருஷம் பொறுமையா செய்யணும். 2010இல் ஜப்பானிலிருந்து சாறு உறிஞ்சும் பூச்சி ஒண்ணைக் கொண்டுவந்தும் விட்டுப் பார்த்தாங்க. செடி தாராளமா காலூன்றின ஊரில் பூச்சிக்குக் காலூன்ற முடியல.

என்னைக் கேட்டா, பயமும் கொஞ்சம் ஓவர்தான். வழக்கு நடந்த அதே 2018இல் வந்த ஓர் ஆய்வு, கட்டடத்தைச் சேதப்படுத்துவதில் நாட்வீட் மற்ற பல செடிகளையும் மரங்களையும் விட மோசம் இல்லைன்னு சொன்னது. ஆனா வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிக்கு அந்தப் பெயரே போதும்.

தீர்ப்புக்கு வருவோம். விலை குறைஞ்சது மட்டும் வழக்குக்குக் காரணம் ஆகாதுன்னு நீதிபதிகள் சொன்னாங்க. ஆனா அடுத்தவர் நிலத்துக்குள் அந்தத் தண்டு நுழைஞ்சாலே, அவர் நிம்மதியாகத் தன் நிலத்தைப் பயன்படுத்த முடியாமல் போகுது. சுவர் விரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர்கள் ஜெயிச்சாங்க.

இப்போ இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு விற்கிறவர் நிரப்பும் படிவத்தில் நாட்வீட் இருக்கான்னு தனியா ஒரு கேள்வி உண்டு. ஆம், இல்லை, தெரியாது. மூணு கட்டம்.