புது பைக் வாங்கியாச்சா... முதல் செலவை எதுக்குப் பண்ணலாம்?

புது பைக் டெலிவரி எடுக்கிற அன்னிக்கே ஷோரூம்ல ஆக்சஸரீஸ் லிஸ்ட்டை நீட்டுவாங்க. சீட் கவர், ஸ்டிக்கர், கலர் லைட்டுன்னு அது நீளும். ரீல்ஸ் பார்த்தா சைலன்சர் வரைக்கும் ஆசை போகும். ஆனா, இஎம்ஐ ஆரம்பிக்கிற நேரத்துல கையில இருக்கிறது கொஞ்சம் காசுதான். அதை இந்த வரிசையில செலவு பண்ணிப் பாருங்க.

ஹெல்மெட்... ஒண்ணு இல்ல, ரெண்டு!

பைக் வாங்கும்போதே பிஐஎஸ் தரத்துல ஒரு ஹெல்மெட் தரணும்னு மத்திய மோட்டார் வாகன விதி சொல்லுது. கேட்டு வாங்குங்க. பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். போடலைன்னா தமிழ்நாட்டுல அபராதம் 1,000 ரூபாய். அதனால ரெண்டாவது ஹெல்மெட்தான் உங்க முதல் செலவு. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. மாட்டிக்கிட்டு தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியா ஆடினா, சைஸ் பெருசுன்னு அர்த்தம்.

சாரி கார்டைக் கழற்றாதீங்க

'லுக்கைக் கெடுக்குது'ன்னு பலர் முதல்ல கழற்றுறது இதைத்தான். அம்மாவோட சேலையோ, தங்கச்சியோட துப்பட்டாவோ பின் சக்கரத்துல சிக்காம தடுக்குறதும் இதுதான். ஒரு நொடியில உயிரே போகலாம். பின் சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு இருக்கணும்கிறது சட்டமும்கூட.

லெக் கார்டு

சிக்னல்லயோ பார்க்கிங்லயோ வண்டி சாயும்போது இன்ஜினையும் காலையும் காப்பாத்தும். உங்க மாடலுக்குன்னே கம்பெனி தர்றதை வாங்குங்க. வேகமா மோதினா இதை நம்ப முடியாது.

மொபைல் ஹோல்டர்

டெலிவரி வேலை, தினமும் புது ரூட்டுன்னா தேவைதான். ஆனா, பைக் இன்ஜினோட அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம்னு 2021-ல ஆப்பிளே எச்சரிச்சிருக்கு. அதிர்வைக் குறைக்கிற டேம்பர் இருக்கிற ஹோல்டரா பாருங்க.

சின்னச் செலவு, பெரிய லாபம்

டயர் பிரஷர் கேஜ், டியூப்லெஸ் பஞ்சர் கிட், செயின் லூப், டிஸ்க் லாக்... இந்த நாலும் சீட்டுக்கு அடியிலயோ பையிலயோ அடங்கிடும். டிஸ்க் லாக் போட்டதை மறந்து வண்டியை எடுத்தா கீழ விழுவீங்க. ஹேண்டில்பார் வரைக்கும் வர்ற ரிமைண்டர் கேபிளோட சேர்த்து வாங்குங்க.

இப்போதைக்கு வேண்டாம்

வயரை வெட்டி ஒட்டி மாட்டுற லைட், ஹாரன் வேண்டாம். பின்னாடி எலெக்ட்ரிக்கல் பிரச்னை வந்தா வாரன்ட்டி கிடைக்காம போகலாம். சத்தம் போடுற சைலன்சருக்கு அபராதம் நிச்சயம். அகல டயர் மாட்டினா மைலேஜ் குறையும். சில பைக்குல செயின்லயும் உரசும்.

மத்ததெல்லாம் முதல் சர்வீஸ் முடியட்டும். அதுக்குள்ள இடுப்பு வலிக்குதா, கை மரத்துப்போகுதா, ராத்திரியில லைட் பத்தலையான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். அப்புறம் எது தேவையோ அதை மட்டும் வாங்குங்க!