ரகுராஜ்பூர்

ரகுராஜ்பூர், ஒடிசா மாநிலம் பூரி மாவட்டத்தில் பார்கவி ஆற்றங்கரையில் உள்ள கைவினைக் கிராமம். பட்டசித்திர ஓவியத்துக்கும் கோட்டிபுவா நடனத்துக்கும் பெயர்பெற்றது. புவனேசுவரம் – பூரி சாலையில் சந்தன்பூரில் இறங்கி உள்ளே செல்ல வேண்டும். தென்னந்தோப்புகளுக்கு நடுவே எதிரெதிராக இரு வரிசை வீடுகள். இடையில் சிறு கோயில்கள். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஓவியரோ வேறு கைவினைஞரோ உண்டு. திண்ணையே பட்டறை, கடையும் அதுவே.

கோயில் தொடர்பு

பட்டசித்திர மரபு பூரி ஜகந்நாதர் வழிபாட்டை ஒட்டி வளர்ந்தது. ஆண்டுதோறும் ஸ்நான பௌர்ணமியன்று 108 குட நீராட்டுக்குப் பின் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் காய்ச்சல் கண்டதாகக் கருதி, சுமார் பதினைந்து நாள் சன்னிதியை மறைத்துவிடுவர். அனசரம் எனப்படும் அந்நாட்களில் துணியில் தீட்டிய மூன்று படங்களே வழிபாட்டுக்கு வைக்கப்படும். இவற்றை வரையும் உரிமை பரம்பரைச் சித்திரகாரக் குடும்பங்களுக்கு உரியது.

யாத்திரிகர் படங்கள்

பூரிக்கு வருவோர் ஊர் திரும்பும்போது கொண்டுசெல்லச் சித்திரகாரர்கள் சிறு படங்களையும் வரைந்தனர். இவை ‘ஜாத்ரி பட்டி’ எனப்பட்டன. கோயிலின் அமைப்பையும் மூலவரையும் ஒரே படத்தில் காட்டுபவை, கோயிலைச் சங்கு வடிவுக்குள் அடக்குபவை எனப் பல வகைகள் இருந்தன. தமிழகத்தைத் தொடும் கதை ஒன்றும் இன்றுவரை விரும்பி வரையப்படுகிறது. கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சி மீது படையெடுத்தபோது, பலபத்திரர் வெள்ளைக் குதிரையிலும் ஜகந்நாதர் கருங்குதிரையிலும் முன்னே போனார்களாம். வழியில் மாணிக்கா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கி உண்டு, விலைக்கு மோதிரத்தைக் கொடுத்தார்களாம்.

1897இல் பூரிக்கு ரயில் வந்தது. யாத்திரிகர் பெருகினர், ஆனால் அச்சகத்தில் அடித்த மலிவான சாமி படங்களும் சந்தைக்கு வந்தன. கையால் வரைந்தது அவற்றோடு விலையில் போட்டியிட முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல சித்திரகாரர்கள் தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேடினர்.

மீட்சி

1950களின் தொடக்கத்தில், அமெரிக்கத் தொண்டு அமைப்பொன்றின் பணிக்காக ஒடிசா வந்தவரின் மனைவியான ஹலீனா சீலி இந்த ஓவியங்களில் ஈடுபாடு கொண்டார். ஓவியர்களுக்குப் பரிசுப் போட்டி வைத்து, பழைய முறையில் வரையத் தூண்டி, வெளியூர்ச் சந்தைக்கும் வழி செய்தார். இந்த மீட்சியில் முன்னின்ற ரகுராஜ்பூர் ஓவியர் ஜகந்நாத மகாபாத்திரர். வாங்குவோர் மாறியதும் படமும் மாறியது. பூஜை அறைக்கான சிறு படத்தோடு, வரவேற்பறைச் சுவருக்கான பெரிய கிருஷ்ணலீலைப் படங்களும் ராமாயணத் தொடர்ப்படங்களும் பெருகின.

செய்முறை

பழந்துணி இரண்டைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசிக் காயவைப்பர். பிறகு சொரசொரப்பான கல்லாலும் வழவழப்பான கல்லாலும் மாறிமாறித் தேய்க்கத் தேய்க்கத் துணி தோல்போல் ஆகிவிடும். வெள்ளைக்குச் சங்குப்பொடி, சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி. எல்லாவற்றுக்கும் விளாம்பிசின் சேரும். கரை முதலில், உருவம் பிறகு, கண்ணும் கறுப்பு வரிகளும் கடைசியில். பனையோலையில் எழுத்தாணியால் கீறிக் கரி தேய்த்து உரு எழுப்புவதும் இங்கு உண்டு. ஓலைகளை நூலால் கோத்து மடிப்பாக்குவர்.

நடனம்

சிறுவர் பெண்வேடமிட்டு ஆடும் கோட்டிபுவா, உடலை வில்லாய் வளைக்கும் ‘பந்த’ நிலைகளுக்குப் பெயர்போனது. ஒடிசி நடன ஆசான் கேளுசரண் மகாபாத்திரர் (1926–2004) இவ்வூரில் சித்திரகாரக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கோட்டிபுவா ஆடியவர். கோட்டிபுவா குரு மாகுணி சரண் தாஸ் 1977இல் இங்கு குருகுலம் தொடங்கினார். 2004இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பாரம்பரியக் கிராமம்

இந்தியக் கலை, பண்பாட்டுப் பாரம்பரிய அறக்கட்டளையான இன்டாக் 1998 முதல் மேற்கொண்ட பணியின் விளைவாக, 2000இல் ரகுராஜ்பூர் பாரம்பரியக் கிராமமாக உருவாக்கப்பட்டது. சுவர்களில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கின. முன்பு படங்கள் யாத்திரிகரைத் தேடிப் பூரிக்குப் போயின; இப்போது பயணிகள் ஓவியர் வீட்டுக்கே வருகின்றனர். இடைத்தரகர் பங்கு குறைந்தது. அதேசமயம் வாழ்வு பயணிகளின் வரவை நம்பியதாயிற்று. 2019 மே 3 அன்று பூரியருகே கரைகடந்த ஃபானி புயல் கூரைகளையும் வரைந்து வைத்திருந்த படங்களையும் அழித்தது. மறு ஆண்டே கொரோனா முடக்கம் வந்து, பயணிகள் வரத்து நின்றது.

இன்று ஒரே திண்ணையில் இரு வகைச் சரக்கு இருக்கும். அரைமணி நேரப் பயணிக்காக வண்ணம் தீட்டிய புட்டி, கொட்டைப்பாக்கு, தேங்காய் ஒருபுறம். மாதக்கணக்கில் உழைத்த நுண்பணி மறுபுறம். அன்றாடச் செலவுக்கு முதல் வகை கைகொடுக்கிறது. வித்தை இரண்டாவதில்தான் தேறுகிறது. கடையில் வாங்கிய சாயத்தால் தீட்டியதும் விற்பனைக்கு இருப்பதால், இயற்கை வண்ணம் வேண்டுவோர் ஓவியரிடமே கேட்டு வாங்குவது வழக்கம்.